மேல் மூட்டை, நடு மூட்டை, அடி மூட்டை

கோர்ட்டுக் கதைன்னு சொன்ன உடனே நீங்க என்ன எதிர்பாக்குறீங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. தாத்தா போட்ட கேஸ பேரன் நடத்துவான், கட்டுக் கட்டா இருக்கற காகிதத்தக் கரையான் அரிக்கும், வாய்தா வாய்தான்னு செருப்பு தேயும், கடைசியில தீர்ப்பு வர்றப்ப கேஸு போட்டவரு மாலையோட சுவத்துல தொங்குவாரு. அதுதான? கொட்டாவி விடுறதுக்கு வாயக்கூடத் தொறந்து வச்சிட்டீங்க. மூடிக்குங்க. இது அந்தக் கதை இல்ல.

இது சுருக்கா முடிஞ்ச கேஸு. போட்ட மனுசன் நல்லா திடகாத்திரமா இருக்கறப்பவே, எந்த நடவுக்குள்ள வேணும்னு கேட்டாரோ அந்த நடவுக்குள்ளயே, அவரு பக்கமே தீர்ப்பான கேஸு. சிரிக்காதீங்க. நெசமாத்தான்.

எந்த ஊரு கோர்ட்டுன்னு மட்டும் கேக்கப்படாது. பெரம்பலூர்க்காரங்க அரியலூர்னு நெனைச்சுக்குங்க, அரியலூர்க்காரங்க பெரம்பலூர்னு நெனைச்சுக்குங்க. ரெண்டு பேருக்கும் மனசு நெறையும்.

கேஸு போட்டவரு சாமிக்கண்ணு. குன்னம் பக்கம் கரிசக்காட்டு வெவசாயி. மக்காச்சோளம் போடுவாரு, பருத்தி போடுவாரு, ஆனா கர்வப்படுறது மட்டும் சின்ன வெங்காயத்துல. வெதை வெங்காயத்த அவரு வெளிய வாங்கினதே கெடையாது. ஒவ்வொரு வெள்ளாமையிலயும் தானே பொறுக்கி எடுத்து வைப்பாரு. செக்கச்செவேல்னு, பல்லு பல்லா, உரிச்சா அடுத்த தெருவுல கண்ணு எரியும். அந்த வெதை வேற யாருகிட்டயும் இல்ல. ஒரு நடவு தவறுனா வெதையே அத்துப்போகும். அதனால ஆடிக் கடைசியில எடுத்து, காட்டோரமா பட்டறை போட்டு வச்சிருந்து, ஐப்பசியில நடுவாரு. பட்டறைன்னா பெரிய விஷயம் இல்ல. நாலு குச்சிய ஊனி, சோளத்தட்டையால சுத்திக் கட்டி, மேல கூரை போடுறது. காத்து இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போகும். வெங்காயம் நிம்மதியாத் தூங்கும்.

அந்த வருசம்தான் ஊருக்குள்ள அக்ரிமெண்ட் வந்துச்சு.

முன்னெல்லாம் காய்ச்சல் வரும். இப்ப அக்ரிமெண்ட். சவுண்டு செட்டுக்காரரு அக்ரிமெண்ட் போட்டாரு. ஆட்ட வளத்துக் குடுக்கச் சொல்லி வாரத்துக்கு விட்டவங்க ஆட்டுக்கு அக்ரிமெண்ட் போட்டாங்க. சிறுவாச்சூர்ல கெடா வெட்டிப் பொங்கப் போனா, சமையக்காரரு ஈரலு யாருக்குன்னு ஒரு ஷரத்துச் சேத்தாத்தான் அடுப்பப் பத்த வைப்பேன்னாரு. இத்தனைக்கும் மூல காரணம் சாமிக்கண்ணுவோட தங்கச்சி மவன் அருள்முருகன். எம்.பி.ஏ. முடிச்சிட்டு ஊருல கன்சல்டன்டா உக்காந்திருந்தான். யாரும் எதுவும் கேக்காததால எல்லாருக்கும் எல்லாம் சொல்லிக்கிட்டிருந்தான்.

"மாமா, பட்டறையெல்லாம் அவுட் ஆஃப் டேட். இப்ப எல்லாம் வேர்ஹவுசிங்."

"அப்படின்னா என்னடா?"

"நம்ம சரக்க அடுத்தவங்க எடத்துல வைக்கிறது."

"நம்ம எடந்தான் இருக்குதே?"

"நம்ம எடத்துல வச்சா அதுக்குப் பேரு வேர்ஹவுசிங் இல்ல மாமா. சும்மா வச்சிருக்கறது."

சாமிக்கண்ணு யோசிச்சாரு. இத்தன வருசமா சும்மா வச்சிருந்தோமேன்னு அவருக்கே ஒரு கூச்சமாப் போச்சு.

உடையார்பாளையத்துல சிங்காரவேலுன்னு ஒரு முந்திரி வியாபாரி. அவரு கிடங்கு அந்த மாசங்கள்ல காலியாக் கெடக்கும். நல்ல மனுசன். ஒரே ஒரு கொறை, அச்சுல வந்தது எல்லாத்தையும் நம்புவாரு. பஸ்ஸுல ஏறினா டிக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கறதப் படிச்சு முடிச்சிட்டுத்தான் எறங்குவாரு, ஊரு தாண்டிப் போனாலும் சரி. அவருக்கும் சாமிக்கண்ணுக்கும் நடுவுல அருள்முருகன் நெட்டுல இருந்து ஒரு அக்ரிமெண்ட எறக்கினான். முழுக்க இங்கிலீசு. தலகாணி தடிமன். புயல், பூகம்பம், அந்நிய நாட்டுப் படையெடுப்பு எல்லாத்துக்கும் அதுல வழி சொல்லியிருந்துச்சு. டீ குடிச்சுக்கிட்டே ரெண்டு பேரும் எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டு ஏக்கர் வெதை வெங்காயம் மூட்டை மூட்டையாக் கிடங்குக்குள்ள போச்சு, ஆள் ஒசரத்துக்கு மேல அடுக்கு.

ஐப்பசி பொறந்துச்சு. நல்ல மழை. சாமிக்கண்ணு பொண்டாட்டி பொன்னுத்தாயி ஆள வச்சு நெலத்த ஒழுது பாத்தி கட்டிட்டா. சாமிக்கண்ணு குட்டியானை வண்டி ஒன்னு பிடிச்சுக்கிட்டு, சிமெண்டு லாரிக்குப் பின்னாடியே புழுதியத் தின்னுக்கிட்டு உடையார்பாளையம் போயிச் சேந்தாரு.

"அண்ணே, கதவத் தொறங்க. வெங்காயத்த ஏத்தணும்."

"தாராளமா ஏத்துங்க. எனக்கும் வேற சரக்கு வரப்போவுது, எடம் வேணும்." சிங்காரவேலு சாவியோட எந்திரிச்சாரு. "ஷெட்யூல் 'சி'யக் குடுங்க."

"அது என்னாது?"

"அக்ரிமெண்ட்ல போட்டிருக்கே. ஷெட்யூல் 'சி'யில கண்ட படிவத்துல கேட்டாத்தான் சரக்க விடணுமாம். வேற மாதிரி விட்டா நான் ஒப்பந்தத்த மீறுனவனாம்."

ரெண்டு பேரும் தேடுனாங்க. ஷெட்யூல் 'ஏ' இருந்துச்சு. 'பி' இருந்துச்சு. அதுக்கப்புறம் அட்டை. அருள்முருகனுக்குப் போனப் போட்டாரு சாமிக்கண்ணு.

"மாமா, இலவசமா 'பி' வரைக்கும்தான் வந்துச்சு. 'சி'க்குக் காசு கட்டச் சொன்னான்."

"கட்டி எடுடா!"

"அந்த வெப்சைட்டையே மூடிட்டான் மாமா."

சாமிக்கண்ணு சிங்காரவேலு பக்கம் திரும்புனாரு. "அண்ணே, வெங்காயம் என்னுதுதான?"

"உங்களுதுதான். சந்தேகமே இல்ல."

"நான் இன்னாருன்னு தெரியுமா?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? போன மாசம்கூட நம்ம வூட்டுல சாப்புட்டீங்க."

"அப்பக் குடுங்களேன்."

"குடுத்துருவேங்க. ஆனா நாளைக்கு நீங்களே வந்து, ஷெட்யூல் 'சி' இல்லாம எப்படிக் குடுத்தேன்னு கேட்டா நான் என்ன பதிலு சொல்றது?"

நாளைக்குத் தானே சிங்காரவேலு மேல கேஸு போட்டுருவோமோன்னு சாமிக்கண்ணுக்கே லேசா ஒரு சந்தேகம் வந்துருச்சு. காலி வண்டியோட திரும்புனாரு.

இப்படியாக, தகராறே இல்லாத ஒரு தகராறு சட்டத்தின் வாசலை அடைந்தது.

வக்கீலு அரங்கநாதன். தலை நரைச்சாலும் புதுசுக்கு ஆசைப்படுற மனுசன். சாமிக்கண்ணு சொன்னதக் கேட்டுட்டு மேசையத் தட்டுனாரு.

"இது கமர்ஷியல் கேஸ். சம்மரி ஜட்ஜ்மெண்ட் கேட்டுருவோம்."

"அது என்னங்க சார்?"

"சுருக்கத் தீர்ப்பு. சாட்சி இல்ல, கூண்டு இல்ல, குறுக்கு விசாரணை இல்ல. எதுத்தாப்புல இருக்கறவருக்குச் சொல்றதுக்கு உருப்படியா ஒன்னுமில்லன்னு காட்டிட்டா போதும், கோர்ட்டு நேரா தீர்ப்பு எழுதிடும். முழுசா கேஸு நடத்துறதெல்லாம் இப்ப யாரும் பண்றதில்லீங்க. எல்லாரும் சம்மரிதான்."

"ஐப்பசிக்குள்ள கெடைக்குமா சார்? நடவு போயிருச்சுன்னா வெதையே போயிரும்."

"கார்த்திகை பொறக்காது."

அதுக்கு முன்னாடி சட்டப்படி சமரசத்துக்குப் போகணுமாம். போனாங்க. சமரசம் பண்றவரு ரெண்டு பேரையும் எதுத்தெதுத்த நாற்காலியில உக்கார வச்சு, ரொம்பக் கனிவா ஆரம்பிச்சாரு.

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன கருத்து வேறுபாடு?"

"ஒன்னுமில்லீங்க," ன்னாரு சாமிக்கண்ணு.

"வெங்காயம் அவருதுங்க. எடுத்துட்டுப் போவட்டும்," ன்னாரு சிங்காரவேலு.

சமரசக்காரரு பேனாவக் கீழ வச்சிட்டாரு. "வேறுபாடே இல்லன்னா நான் எதைங்க சமரசம் பண்றது? நீங்க கொஞ்சமாவது ஒத்துழைக்கணும்." கொஞ்ச நேரம் பாத்தாரு. சண்டை வர்ற வழியாத் தெரியல. 'இரு தரப்பாரிடையேயும் வேறுபாட்டை ஏற்படுத்த இயலாத காரணத்தால் சமரச முயற்சி தோல்வியுற்றது' ன்னு எழுதிக் கையில குடுத்து அனுப்பிட்டாரு.

கோர்ட்டுல சிங்காரவேலுக்கு தேவயானின்னு ஒரு வக்கீலம்மா. சின்ன வயசு, கத்தி மாதிரி மூளை.

"மேடம், எனக்கு எதிர்வாதமே இல்ல. அவரு எடுத்துட்டுப் போவட்டும்," ன்னு சிங்காரவேலு சொன்னாரு.

"அப்படிச் சொல்லவே கூடாது சார். எதிர்வாதம் இல்லன்னு ஒத்துக்கிட்டா அவங்களுக்குச் சுருக்கத் தீர்ப்பு கெடைச்சிடும்."

"கெடைக்கட்டுமே மேடம். கிடங்கு காலியாகுமில்ல?"

"தோத்துப் போயி காலியாகறதும், ஜெயிச்சுக் காலியாகறதும் ஒன்னா சார்?"

சிங்காரவேலு அச்சுல வந்தத நம்புறவரு. வக்கீலம்மா கையில அச்சடிச்ச புத்தகம் இருந்துச்சு. பேசாம வக்காலத்துல கையெழுத்துப் போட்டாரு. "இன்னொன்னு. கேஸு முடியற வரைக்கும் எதிர்க்கட்சியோட பேசாதீங்க"ன்னு சேத்துச் சொன்னாங்க. அரங்கநாதனும் அதையேதான் சாமிக்கண்ணுகிட்டச் சொல்லியிருந்தாரு.

மொத நாளு. தேவயானி எந்திரிச்சாங்க.

"ஐயா, வெங்காயம் கிடங்குக்குள்ள போனப்ப இருந்த அதே நிலையிலதான் இப்பவும் இருக்கா? இல்லன்னா, பொறுப்பு யாருதுன்னு ஒரு தகராறு வரும். தகராறு இருந்தா விசாரணை வேணும். விசாரணை வேணும்னா சுருக்கத் தீர்ப்பு தர முடியாது."

ஜட்ஜு ஐயா பொறுமையான மனுசர். "வக்கீல் சார், வெங்காயம் நல்லாருக்கா?" ன்னு அரங்கநாதனக் கேட்டாரு.

சாமிக்கண்ணுக்குப் பொறுக்கல. பின் பெஞ்சுல இருந்து எந்திரிச்சுட்டாரு. "ஐயா, கல்லு மாதிரி இருக்குதுங்க! நான் ஜன்னல் வழியாப் பாத்தேன்!"

ஜட்ஜு ஐயா கண்ணாடியக் கழட்டுனாரு. "நீங்கதான் மனுதாரரா?"

"ஆமாங்கய்யா."

"வாய்மொழி சாட்சியம் எதுவும் வேணாம், அது இல்லாமலே தீர்ப்பு குடுங்கன்னு மனு போட்டது நீங்கதான?"

"ஆமாங்கய்யா."

"இப்ப நீங்க வாயத் தொறந்து சொன்னது என்ன?"

சாமிக்கண்ணு உக்காந்துட்டாரு. அன்னையில இருந்து கோர்ட்டுக்குள்ள நொழைஞ்சதும் அவரு இருமக்கூட மாட்டாரு. இருமல் சாட்சியமா ஆயிட்டா என்ன பண்றது?

ஆக, வெங்காயம் எப்படி இருக்குன்னு தெரியணும். அதே நேரம் அதப்பத்தி யாரும் பேசவும் கூடாது. கனம் கோர்ட்டார் ஆழ்ந்து பரிசீலிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பிரசாத்துன்னு ஒரு இளம் வக்கீலக் கமிஷனரா நியமிச்சாங்க. கமிஷனர்னா தொப்பி வச்சவரு இல்ல. கோர்ட்டுக்காகப் போயிப் பாத்துட்டு வர்றவரு. அவரு கிடங்கத் தொறந்து மாதிரி எடுத்துட்டு வரணும், மறுபடி பூட்டி முத்திரை வச்சு சாவியக் கோர்ட்டுல ஒப்படைக்கணும். வெங்காயம் தன்னப்பத்தித் தானே சொல்லிக்கட்டும்.

"ஒரு கை அள்ளிட்டு வரட்டுமாங்கய்யா?" ன்னு பிரசாத் கேட்டாரு.

"ஒரு கை வெங்காயம் ஒரு மூட்டைக்காகப் பேச முடியுமா?" ன்னு தேவயானி கேட்டாங்க.

"ஒரு மூட்டை கொண்டு வரட்டும்," ன்னாரு அரங்கநாதன்.

"மேல இருக்கற மூட்டை அடியில நசுங்கிக் கெடக்கற மூட்டைக்காகப் பேச முடியுமா?"

நியாயமான கேள்வி. 'மேல் மூட்டை ஒன்று, நடு மூட்டை ஒன்று, அடி மூட்டை ஒன்று, ஆக மூன்று மூட்டைகளை மாதிரியாக முன்னிலைப்படுத்த வேண்டியது' ன்னு உத்தரவாச்சு.

மூணு மூட்டையும் வந்துச்சு. அவுத்தாங்க. சாமிக்கண்ணு வெங்காயமாச்சே. அஞ்சு நிமிசத்துல கோர்ட்டு முழுக்கக் கண்ணு தொடைக்குது. பக்கத்து ஹால்ல விவாகரத்துக் கேஸுக்கு வந்திருந்த ஒரு ஜோடி அழுதுக்கிட்டே சேந்து வூட்டுக்குப் போயிட்டாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. அதுக்கு நாம உத்தரவாதம் இல்ல. வெங்காயம் பிரமாதமா இருக்குன்னு பதிவாச்சு. சாமிக்கண்ணு மனசுக்குள்ளயே ஜெயிச்சாரு.

அடுத்த வாய்தாவுல தேவயானி எந்திரிச்சாங்க. "ஐயா, அந்த அறிக்கை அன்னைக்கு நெலவரம். வெங்காயம் உயிருள்ள பொருள். இன்னைக்கு எப்படி இருக்கு?"

"சுருக்கக் கேஸுன்னா இழுக்கக்கூடாது," ன்னாரு ஜட்ஜு ஐயா. "வாரத்துக்கு ரெண்டு நாள் எடுத்துக்குறேன். ஒவ்வொரு தரமும் புதுசா மாதிரி வரட்டும்." வேகம்னா இதுதான் வேகம். அரங்கநாதன் பெருமையாத் திரும்பி சாமிக்கண்ணுவப் பாத்தாரு.

"அப்ப பழைய மாதிரியை என்ன பண்றதுங்கய்யா?" ன்னு பிரசாத் கேட்டாரு.

"அழுகும் பொருளைக் கோர்ட்டுல வச்சிருக்கக்கூடாது. உரிய முறையில் அப்புறப்படுத்துங்க."

உத்தரவுன்னா உத்தரவு.

மூணாவது தரத்துல இருந்து மூட்டையக் கோர்ட்டுக்குள்ள கொண்டாரதையும் விட்டுட்டாங்க. எல்லாருக்கும் கண்ணு எரியுதில்ல. பிரசாத் வெளியிலயே பாத்து அறிக்கை மட்டும் உள்ள குடுத்துருவாரு. 'நலம்'னு ஒரு வரி. அந்த ஒரு வரியப் பத்தி மத்தியானம் வரைக்கும் வாதம் நடக்கும். விசாரிக்க ஒன்னுமில்லன்னு ஒருத்தரு, விசாரிக்க இருக்குன்னு இன்னொருத்தரு.

ஒரு நாள் ஜட்ஜு ஐயாவே கேட்டுட்டாரு. "வாதாட ஒன்னுமே இல்லன்னு இவ்வளவு நேரமா வாதாடுறீங்களே வக்கீல் சார்?"

"அந்த அளவுக்கு ஒன்னுமில்லீங்கய்யா," ன்னாரு அரங்கநாதன்.

இத்தனை அலைச்சல்லயும் சாமிக்கண்ணுக்கு ஒரே ஆறுதல் கோர்ட்டுக்கு எதுத்தாப்புல இருக்கற சின்னம்மாள் மெஸ்ஸு. கோர்ட்டே அங்கதான் சாப்புடும். வக்கீலுங்க, கிளார்க்குங்க, வாதி, பிரதிவாதி எல்லாரும். ஜட்ஜு ஐயாவுக்கு கேரியர்ல போகும். மொதல்ல அங்க சாம்பார்னா முருங்கைக்காயத் தேடித்தான் எடுக்கணும். ஆனா இப்பக் கொஞ்ச நாளா வெங்காய சாம்பாரு. கரண்டிய வுட்டா முழுசு முழுசா வெங்காயம் வருது. அப்பறம் வெங்காயத் தொக்கு. அப்பறம் வெங்காய ஊத்தப்பம். கோர்ட்டு மொட்டை மாடியில பாய விரிச்சு வெங்காய வடகம்கூடக் காயுது.

சாமிக்கண்ணு ஒரு வெங்காயத்த நாக்குல வச்சு, கண்ண மூடி, மெதுவாக் கடிச்சாரு.

"ஆத்தா, வெங்காயம் எங்க வாங்குறீங்க? எங்க காட்டு ருசி அப்படியே இருக்கு."

"எல்லாம் இங்கனதான் வருது. பேசாம தின்னு சாமி, ஐயாவுக்கு கேரியர் கட்டணும்," ன்னு மெஸ்ஸுக்காரி சின்னம்மா பறந்தா.

எதுத்த பெஞ்சுல சிங்காரவேலு. ரெண்டு பேரும் பேசக்கூடாதில்ல. சிங்காரவேலு ரசத்தப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"ஏம்மா, எதுத்த பெஞ்சுல இருக்கறவருகிட்டச் சொல்லும்மா. எனக்கு அவரு மேல ஒரு கோவமும் இல்லன்னு."

"கை நீட்டுனா எட்டுற தூரத்துல இருக்காரு. நீயே சொல்லேன்."

"சொல்லப்படாது. கேஸு கெட்டுப்போயிரும்."

சின்னம்மா திரும்புனா. "ஏஞ்சாமி, அவருக்கு உன் மேல கோவம் இல்லியாம்."

"எனக்கும் இல்லன்னு சொல்லு ஆத்தா. கதவத் தொறந்தா போதும்னு சொல்லு."

"சாவி கோர்ட்டுல இருக்குன்னு சொல்லும்மா."

"ரெண்டு பேருக்கும் கோவமில்லன்னா எதுக்குய்யா கேஸு?" ன்னா சின்னம்மா. ரெண்டு பேரும் அவள இரக்கமாப் பாத்தாங்க. பாவம், சட்டம் தெரியாதவ.

பொன்னுத்தாயி போனு வராத நாளு இல்ல. "என்னங்க, பாத்தியெல்லாம் காயுது. பக்கத்துக் காட்டுல நட்டு, மொளைச்சு, பச்சை தெரியுது. வெங்காயம் எப்ப வரும்?"

"வந்துரும் புள்ள. கேஸு நல்ல வேகமாப் போவுது."

"சாப்புட்டீங்களா?"

"அத ஏன் கேக்குற. இங்க ஒரு மெஸ்ஸுல வெங்காய சாம்பாரு. நீகூட அப்படி வச்சதில்ல."

"நாங்க இங்க வெதை இல்லாம நிக்கிறோம். நீங்க அங்க நல்லா வக்கணையாத் தின்னுங்க," ன்னு அவ போன வச்சிட்டா.

ஐப்பசி தேய்ஞ்சு மாசக் கடைசி வந்துச்சு. இன்னும் நாலஞ்சு நாளுக்குள்ள நட்டாத்தான் உண்டு. அன்னைக்குக் காலையில அரங்கநாதன் சாமிக்கண்ணு தோளத் தட்டுனாரு. "மத்தியானம் தீர்ப்பு. வண்டியப் பிடிச்சிட்டு வந்துருங்க."

குட்டியானை வந்து கோர்ட்டு வாசல்ல நின்னுச்சு. அருள்முருகன் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து வண்டிக்குப் பக்கத்துல செல்ஃபி எடுத்தான். சாமிக்கண்ணு சந்தோசத்துல மெஸ்ஸுக்குப் போயி சாம்பாரு மூணு தடவ வாங்கிச் சாப்புட்டாரு. சிங்காரவேலும் நல்லாச் சாப்புட்டாரு. கிடங்கு காலியாகப் போவுதில்ல. தேவயானி தோக்கப்போற வருத்தத்துல தொக்கு ரெண்டு தரம் கேட்டு வாங்குனாங்க.

மத்தியானம் ஜட்ஜு ஐயா ஏப்பத்த அடக்கிக்கிட்டு வந்து உக்காந்து தீர்ப்பப் படிச்சாரு.

"இரு தரப்பு வாதங்களையும், கமிஷனரின் அறிக்கைகள் அனைத்தையும் இந்த நீதிமன்றம் கவனமாகப் பரிசீலித்தது. மேற்படி வெங்காயத்தின் உரிமை குறித்தோ, தரம் குறித்தோ விசாரிக்கத்தக்க தகராறு எதுவும் இல்லை. தரத்தைப் பொறுத்தவரை இந்த நீதிமன்றத்துக்குத் தனிப்பட்ட முறையிலும் முழுத் திருப்தி ஏற்பட்டுள்ளது. ஆகவே மனு அனுமதிக்கப்படுகிறது. கிடங்கில் உள்ள வெங்காயம் முழுவதையும் மனுதாரரிடம் உடனடியாக ஒப்படைக்க உத்தரவிடப்படுகிறது."

சாமிக்கண்ணுக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெங்காயம் இல்லாமலே. கையெடுத்துக் கும்பிட்டாரு. அரங்கநாதன் கோட்ட இழுத்து விட்டுக்கிட்டாரு. சட்டம் எவ்வளவு சுருக்கா வேலை செய்யுதுன்னு அருள்முருகன் அங்கயே ஒரு ஸ்டேட்டஸ் போட்டான்.

அப்பத்தான் பிரசாத் மெதுவா எந்திரிச்சாரு.

"ஐயா, ஒரு சின்ன விளக்கம் வேணும். 'கிடங்கில் உள்ள வெங்காயம் முழுவதையும்'னு உத்தரவாயிருக்கு."

"ஆமா."

"கிடங்குல இப்ப வெங்காயம் இல்லீங்கய்யா."

ஜட்ஜு ஐயா நிமிந்தாரு. "இல்லன்னா? திருட்டா?"

"ஐயையோ, இல்லீங்கய்யா. முத்திரை அப்படியே இருக்கு. உத்தரவுப்படி ஒவ்வொரு வாய்தாவுக்கும் மேல் மூட்டை ஒன்னு, நடு மூட்டை ஒன்னு, அடி மூட்டை ஒன்னு எடுத்தேன். இன்னைக்குக் காலையில போயிப் பாக்குறப்ப மொத்தமே மூணு மூட்டைதான் இருந்துச்சு. ஒன்னு மேல, ஒன்னு நடுவுல, ஒன்னு அடியில. உத்தரவுக்கு ரொம்பச் சரியா இருந்துச்சுங்கய்யா. எடுத்துட்டேன்."

சாமிக்கண்ணு சட்டத்த மறந்து வாயத் தொறந்தாரு. சத்தம் வரல.

"அந்த மூணு மூட்டை எங்க?" ன்னு ஜட்ஜு ஐயா கேட்டாரு.

"உரிய முறையில் அப்புறப்படுத்தியாச்சுங்கய்யா."

"மத்ததெல்லாம்?"

"அதுவும் உரிய முறையிலதாங்கய்யா."

"உரிய முறைன்னா என்ன முறை?"

பிரசாத் கிளார்க்கப் பாத்தாரு. கிளார்க்கு ஜன்னலப் பாத்தாரு. ஜன்னல் வழியா காத்து வந்துச்சு. காத்துல தாளிச்ச வாசனை.

அந்த நேரம் பாத்து, ஐயாவோட காலி கேரியர வாங்கிட்டுப் போக வந்த சின்னம்மா வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தா. உள்ள எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறதப் பாத்தா. அவளுக்கு சாட்சியம்னா என்ன, வாய்மொழின்னா என்ன, ஒன்னும் தெரியாது.

"அந்த வெங்காயத்தையா தேடுறீங்க?" ன்னா. "என்னாங்கய்யா இது, தெரியாத மாதிரி கேக்குறீங்க? எல்லாருந்தான தின்னீங்க? ஐயா கேரியர்ல போனது அதான். இந்த வக்கீலம்மா தொக்கு கேட்டு வாங்குனாங்களே, அதான். ஆபீஸ்காரங்க சாயங்காலம் ஆளுக்கொரு பை தூக்கிட்டுப் போனது அதான். மாடியில வடகமாக் காயறதும் அதான். இந்தா, ரெண்டு கட்சியும் எதுத்தெதுத்தாப்புல உக்காந்து போட்டி போட்டுத் தின்னாங்க. இன்னைக்கு வந்த கடைசி மூட்டையில இந்தச் சாமி மட்டும் மூணு வாட்டி ஊத்தச் சொல்லுச்சு."

சின்னம்மா கேரியர இடுப்புல இடுக்கிக்கிட்டா. போறதுக்கு முன்னாடி என்ன தோணுச்சோ, திரும்பி சாமிக்கண்ணுவப் பாத்தா.

"நான்கூட தெனமும் உரிக்கறப்ப நெனைச்சுக்குவேன் சாமி. இம்புட்டு நல்ல வெங்காயத்த நடாம, திங்கக் குடுத்துட்டு உக்காந்திருக்கானே, அவன் எந்தக் கூறுகெட்டவனா இருப்பான்னு."